கேள்வி பதில்: அடிக்காத மருந்து இலையில எப்படி வந்துச்சு?

கேள்வி: பல வருஷம் பருத்தி போட்ட நிலத்தை குத்தகைக்கு எடுத்து புகையிலை வச்சேன். ரெண்டே தடவைதான் மருந்து அடிச்சேன், அதுவும் நாத்து நட்ட புதுசுல. சரக்கு எடுக்க வந்தவங்க லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு இலையில மருந்து எச்சம் ஜாஸ்தின்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. நான் வாங்கவே வாங்காத மருந்து பேரெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு. எப்படிங்க?

பதில்: என்னென்ன பேருன்னு எழுதாம விட்டுட்டீங்களே, விஷயமே அதுலதான் இருக்கு. டிடிடிங்கிற பழைய பூச்சிமருந்து மண்ணுல பாதியா குறையவே 2 முதல் 15 வருஷம் ஆகும், குறைஞ்சாலும் டிடிஇ-ன்னு வேற ரூபத்துல கிடக்கும். எண்டோசல்ஃபானும் அப்படித்தான், மண்ணுல எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டா மாறி அதைவிட அதிக நாள் நிக்கும், சீக்கிரம் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிக்கப் போட்ட ஸ்டாக்ஹோம்ங்கிற உலக ஒப்பந்தத்துல 2011-லயே அதைச் சேர்த்துட்டாங்க. அதனால ரிப்போர்ட்ல டிடிஇ, சல்ஃபேட் மாதிரி மாறின ரூபம் தூக்கலா இருந்தா பழைய பாக்கின்னு எடுத்துக்கலாம், மூல மருந்தே அதிகமா இருந்தா யாரோ சமீபத்துல அடிச்சிருக்காங்க, பக்கத்துக் காட்டுல இருந்து காத்துல வந்ததான்னும் பாருங்க.

இந்தப் பழைய மருந்துங்க மண்ணோட ஒட்டிக்கிற ரகம், வேர் வழியா ரொம்ப ஏறாது, மழையில மண்ணு தெறிச்சுத்தான் அடியிலையில ஒட்டும். புகையிலை இலை அகலம், மேல பிசினு வேற, ஒட்டினது லேசுல போகாது. இமிடாகுளோப்ரிட்னு ஒரு பூச்சிமருந்து இருக்கு, அது கதையே வேற, மண்ணுல கிடந்தா வேர் உறிஞ்சி நேரா இலைக்கு ஏத்திடும். பக்கத் துளிர் வராம இருக்க அடிக்கிற மேலிக் ஹைட்ரசைடும் இலைக்குள்ளயே தங்கிடும், அது அடிச்சீங்களான்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, பச்சை இலையில 80 சதவீதத்துக்கு மேல தண்ணிதான். காய வச்சா தண்ணி போயிடும், மருந்து நிக்கும், பச்சையில 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) இருந்தது காஞ்சதுல 5 பிபிஎம்னு காட்டும் (நடுவுல எதுவும் சிதையலன்னா). காய்கறி மாதிரி கழுவுற வேலையும் இதுல கிடையாது.

அடுத்த நடவுக்கு முன்னாடி காட்டுல பத்துப் பதினஞ்சு இடத்துல மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்து ஒண்ணா கலந்து லேபுக்கு அனுப்புங்க, பருத்திக்கு என்ன அடிச்சாங்கன்னு நிலத்துக்காரர்கிட்ட கேளுங்க. அறுவடையில அடியிலையைத் தனியா கட்டி வைங்க, மேலிலையோட கலந்தா எல்லாமே மாட்டிக்கும்.

கேள்வி: எப்படியும் எரிக்கப் போற இலைதானே, மருந்தும் எரிஞ்சிடாதா?

பதில்: கொஞ்சம் சிதையும், கொஞ்சம் அப்படியே புகையோட உள்ள போகும், ஃபில்டர் முழுசா பிடிக்காது. சாப்பாட்டுப் பொருளுக்கு கோடெக்ஸ்னு சர்வதேச உணவுத் தர அமைப்பு எச்ச அளவு வச்சிருக்கு, புகையிலைக்கு அது கிடையாது, கோரெஸ்டான்னு தொழில் சார்ந்த அமைப்புதான் வழிகாட்டி அளவு போட்டிருக்கு. மருந்தே இல்லாத புகையிலைன்னாலும் உள்ள நிகோடின் இருக்கு, அதையே ஒரு காலத்துல பூச்சிக்கு அடிச்சாங்க.