காலி நாற்காலிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சிறிய ஊரில் 160 பேர் அமரக்கூடிய ஓர் இசையரங்கு உண்டு. 22 ஆண்டுகளாக மாதம் ஒரு கச்சேரி நடத்தி வருகிறோம். ஒரு காலத்தில் இடமில்லாமல் வாசலில் நின்று கேட்டவர்கள் உண்டு. இப்போது 40 பேர்தான் வருகிறார்கள். நான் செயலாளர் என்பதால் பெரும்பாலும் வாசலிலேயே நின்று வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணி முடிக்கும்போது மனம் சோர்ந்துவிடும். பின்வரிசையில் தெளிவாகக் கேட்கவில்லை என்று பலரும் குறைப்படுவதால், இப்போதுள்ளவற்றைவிடப் பெரிய ஒலிபெருக்கிகளை வாங்கலாம் என்கிறார்கள் குழுவிலுள்ள இளைஞர்கள். புகழ்பெற்றவர்களை அழைத்தால் கூட்டம் தானே வரும் என்கிறார் தலைவர். இனி இணையத்தில் நேரலை செய்தால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணத்தைக் கூட்டுவதா, இலவசமாக விடுவதா என்பதும் முடிவாகவில்லை. என் கேள்வி ஒன்றுதான். இதைத் தொடர்வதில் பொருள் உண்டா, அல்லது கௌரவமாக நிறுத்திக்கொள்வது நல்லதா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அப்படியே செய்திருக்கிறேன். இத்தகைய கடிதங்களுக்கு வழக்கமாகத் தனிமடலில் நாலு வரி எழுதி முடித்துவிடுவேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் காலியான கூடங்களில் ஒலி என்ன ஆகிறது என்பதைப் பற்றிப் படித்துக்கொண்டும், அதை ஒட்டி முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய என் தவறு ஒன்றை நினைத்துக்கொண்டும் இருந்தேன். ஆகவே இந்தப் பதில் சற்று நீளும்.

முதலில் ஒரு சிறு கண்டிப்பு. '40 பேர்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. 1743ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரபுக்களும் வணிகர்களுமாக 16 பேர் கூடிப் பணம் போட்டு, 16 இசைக்கலைஞர்களை அமர்த்தி, ஒரு கச்சேரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வீடுகளிலும் பிறகு ஒரு விடுதியின் கூடத்திலும் வாசித்துக்கொண்டிருந்த அந்தச் சங்கத்துக்கு, 1781இல்தான் துணி வணிகர்களின் கட்டடத்துக்குள் சொந்தமாக ஓர் அரங்கு அமைந்தது. அந்தத் துணி மாளிகையின் பெயரைத்தான் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழு இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. கலைஞர் ஒருவருக்குப் புரவலர் ஒருவர் என்பது அவர்கள் தொடங்கிய கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் பணக்காரர்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. பின்வரிசையில் தெளிவாகக் கேட்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே கவனிக்க வேண்டிய வரி அதுதான். அதை நீங்கள் இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு எண்ணப் போய்விட்டீர்கள்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி நேரம் அந்தக் கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததால், அடுத்தடுத்த சொற்கள் அதன் மேல் விழுந்து எல்லாம் கலங்கின. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் கிளெமென்ட் சபீன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவர் ஊர் அடங்கிய பிறகு நள்ளிரவில் வேலை செய்தார். அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்புவார், ஓர் ஆர்கன் குழலை ஊதச் செய்து ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் அவருடைய அளவுகள் காரணமில்லாமல் மாறத் தொடங்கின. யோசித்துப் பார்த்தபோது, அளக்கிற தன் உடம்பில் இருக்கும் துணியே ஒலியை விழுங்குகிறது என்று கண்டார். அதுவரை எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, அதன்பின் ஒவ்வொரு இரவும் ஒரே உடையை அணிந்துகொண்டு வேலையைத் திரும்பத் தொடங்கினார். அந்தக் கணக்கின் பயனாகத்தான் 1900இல் பாஸ்டன் நகரின் இசையரங்கான சிம்பொனி ஹால் எழுந்தது.

ஓர் ஆள் அணிந்திருக்கும் கோட்டு ஒரு கூடத்தின் ஒலியை மாற்றும் என்றால், வராமல்போன 120 பேர் எவ்வளவு மாற்றியிருப்பார்கள்? பொறுமையாகக் கேளுங்கள், கணக்கு எளியதுதான். உங்களுடையதைப் போன்ற ஓர் அரங்கின் கொள்ளளவு 900 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளில்லாதபோது அதன் சுவரும் தரையும் நாற்காலிகளும் சேர்ந்து 80 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை வெளியேற்றுவதாகக் கொள்வோம். சபீனின் சூத்திரப்படி கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி இந்த 80ஆல் வகுத்தால், ஒலி அடங்க ஏறத்தாழ 1.8 விநாடி ஆகும். இதைத்தான் எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமாராக அரை சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம். 160 பேர் வந்து நிரம்பினால் அந்த நேரம் 0.9 விநாடியாகச் சுருங்கிவிடும். 40 பேர் வந்தால் சுமார் 1.45 விநாடியில் நிற்கும்.

இப்போது உங்கள் பின்வரிசைக்காரரின் குறை என்னவென்று புரிகிறதா? ஒலிபெருக்கி வழியாக வரும் இசைக்குப் பொதுவாக ஒரு விநாடிக்கும் குறைவான எதிர்முழக்கமே ஏற்றது. அரங்கு நிரம்பியிருந்த நாள்களில் 160 உடல்கள் மிச்ச ஒலியை விழுங்கிக்கொண்டதால் உங்கள் ஒலிபெருக்கிப் பெட்டிகள் நல்ல பிள்ளைகளாக இருந்தன. இன்று விழுங்க ஆளில்லை. பெட்டியிலிருந்து கிளம்பும் ஒலி பின்சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. ஒலியைக் கூட்டினால் நேரொலி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு எதிர்முழக்கமும் கூடும், தெளிவு ஓர் இம்மியும் கூடாது. இதற்கு இன்னும் பெரிய பெட்டி வாங்குவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது. உங்கள் இளைஞர்கள் மீது எனக்குக் கோபமில்லை, நானும் அதைச் செய்தவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே 1.45 விநாடி, பெட்டி எதுவும் இல்லாமல் பாடும் குரலுக்கும் வயலினுக்கும் மிக இதமான அளவு. சிறிய அரங்குக்கு இன்னொரு வரமும் உண்டு. பாடுபவரின் வாயிலிருந்து நேரே வரும் ஒலியைத் தொடர்ந்து, 50 மில்லி விநாடிக்குள் பக்கச் சுவர்களில் பட்டு வரும் ஒலியை நம் காது தனியே பிரித்துக் கேட்பதில்லை. அதை முதல் ஒலியோடு சேர்த்து வலுவாக்கிக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் ஒலி கடக்கும் தொலைவு சுமார் 17 மீட்டர். பெரிய மண்டபங்களில் சுவர்கள் தள்ளி இருப்பதால் இந்த உதவி பலருக்குக் கிடைக்காது. உங்கள் அரங்கின் இரண்டு பக்கச் சுவர்களும் காசில்லாமல் கிடைத்த ஒலிபெருக்கிகள். அவை வேலை செய்ய வேண்டுமானால் கேட்பவர்கள் மேடைக்கு அருகில், ஒன்றாக உட்கார வேண்டும், பின்சுவரில் ஒரு தடித்த திரை தொங்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

என் தவறுக்கு வருகிறேன். என் இருபதுகளின் இறுதியில் நான் ஒரு சிறிய அரங்கின் குழுவில் துணைச் செயலாளராக இருந்தேன். அந்த அரங்கைப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர், கச்சேரி நாளின் மாலையில் ஆளில்லாத கூடத்தில் மேடையின் நடுவே போய் நின்று ஒரே ஒரு முறை கைதட்டுவார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு இறங்கிவந்து நாற்காலிகளைப் போடத் தொடங்குவார். நூறு பேர் வருவார்கள் என்று நாங்கள் சொன்னால் எண்பது நாற்காலிகள்தான் போடுவார். முதல் வரிசை மேடையிலிருந்து எட்டடி தள்ளி இருக்கும், அதற்குமேல் ஓரடிகூட விடமாட்டார். மீதி நாற்காலிகள் மடித்தபடி பின்னறையில் இருக்கும். எண்பத்தோராவது ஆள் வாசலில் தயங்கி நிற்கும்போது, அவரே ஒரு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் விரித்து, அதன் முதுகை ஒருமுறை தட்டிவிட்டுப் போவார். நாற்காலிக் கால் தரையில் உரசிக் கிறீச்சிடக் கூடாது என்பதற்காகப் பழைய சைக்கிள் ட்யூபை வட்டம் வட்டமாக நறுக்கி ஒவ்வொரு காலிலும் மாட்டியிருந்தார். நாற்பது பேர் வந்த நாளிலும் அந்தக் கூடம் காலியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. எப்போதும் இரண்டு நாற்காலிகள் குறைவாகவே இருந்தன.

எனக்கு அது பழைய பாணியாகப் பட்டது. குழுவில் வாதாடி, 200 இருக்கைகளை வாங்கித் தரையோடு திருகி இறுக்கவைத்தேன். ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகளும் வந்தன. முதல் கச்சேரியன்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகையின் முன் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வயலின் வாசித்தவர் மூன்று முறை ஒலியைக் குறைக்கும்படி விரலால் காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கூட்டும்படி கையசைத்தார். நான் பின்வரிசையின் பேச்சைக் கேட்டேன். வந்திருந்தவர்கள் எழுபது பேர் இருக்கலாம். திருகிய இருக்கைகளில் ஆளுக்கு நாலு இடம் விட்டு, பேருந்து நிலையத்தில் அமர்ந்திருப்பவர்களைப் போல் சிதறி இருந்தார்கள். இடைவேளையில் அந்தப் பெரியவர் என் அருகில் வந்து நின்றார். "தம்பி, இனிமே யாரும் முன்னால வந்து உக்கார வேண்டிய அவசியம் இல்ல" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அதற்கடுத்த மாதம் அவர் கைதட்டவில்லை. அடுத்த ஆண்டு வேலைக்கும் வரவில்லை.

தொடர்வதா, நிறுத்துவதா என்று கேட்டதற்கு இவன் இன்னும் வந்து சேரவில்லையே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கட்டணத்தைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை, உங்கள் பொருளாளரைக் கேளுங்கள். நேரலை தாராளமாகச் செய்யுங்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டிலிருந்து பார்ப்பவர் உங்கள் கூடத்தில் அரை சதுர மீட்டர் ஒலியைக்கூட விழுங்கமாட்டார். புகழ்பெற்றவரை அழைத்தால் அவருக்காக வரும் கூட்டம் அவரோடு காரில் ஏறிப் போய்விடும் என்று தலைவரிடம் சொல்லுங்கள்.

ஆல்ட்பரோவைப் பாருங்கள் என்று அவர் சொல்லக்கூடும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அந்தச் சிற்றூரில் 1948இல் இசைவிழாவைத் தொடங்கிய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் புகழ்பெற்றவர்கள்தாம். அவர்கள் அந்த ஊரிலேயே குடியிருந்தவர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஒரு சின்ன ஹாலிலும் அக்கம்பக்கத்துத் தேவாலயங்களிலும் ஏறத்தாழ இருபது ஆண்டு நடத்திய பிறகுதான், 1967இல் பக்கத்திலிருந்த ஸ்னேப் என்ற ஊரின் பழைய தானியக் கட்டடம் ஒன்றைப் பெரிய அரங்காக மாற்றினார்கள். 1969இல் விழாவின் முதல் நாள் இரவிலேயே அது எரிந்து சாம்பலாயிற்று. விழாவை நிறுத்தவில்லை, ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்கு நிகழ்ச்சிகளை மாற்றிக்கொண்டார்கள், அடுத்த ஆண்டு விழாவுக்குள் அரங்கையும் திரும்பக் கட்டினார்கள். கூரை எரிந்தவர்கள் கேட்காத கேள்வியை, கூரையும் நாற்பது பேரும் கையில் இருக்கும்போது நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 160 இருக்கிறது, 22 இருக்கிறது, 40 இருக்கிறது. போன மாதம் பாடியவர் யார், என்ன பாடினார், எந்த இடத்தில் கூடம் மூச்சடக்கியது என்று ஒரு சொல்லும் இல்லை. வாசலில் நிற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கச்சேரியைத் தொடக்கம் முதல் முடிவுவரை உட்கார்ந்து கேட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று? நீங்கள் எண்ணிய நாற்பதில் நீங்கள் உண்டா? உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. மாதா மாதம் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கடைசி ஆள் போனபின் பூட்டிவிட்டுப் போகும் ஒருவர் இல்லாமல் எந்த ஊரிலும் இசை நடப்பதில்லை. நானும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஒலிப்பலகைக்குப் பின்னால் இருந்தேன், அந்த ஆண்டுகளில் கேட்ட எதுவும் என் நினைவில் இல்லை.

அடுத்த மாதம் 35 நாற்காலிகள் மட்டும் போடுங்கள். உங்களுடையவையும் தரையோடு திருகியவை என்றால், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். முதல் பாட்டுக்காவது பெட்டிகளை அணைத்துவையுங்கள், பாடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மகிழ்ந்து ஒத்துக்கொள்வார். எண்ணும் வேலையை அந்த இளைஞர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவது வரிசையில் ஓரமாகப் போய் உட்காருங்கள். அதற்கு முன், மாலையில் கூடம் காலியாக இருக்கும்போது, மேடை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். ஆள்கள் வந்து அமர்ந்து பேச்சு அடங்கியதும் இன்னொரு முறை தட்டுங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பெரியவரிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

அன்புடன்