கிராம சபைல நாமளே நேரா பேசுறோமே, அப்புறம் எம்எல்ஏ எதுக்கு?

கொடைக்கானல் மலைல இருக்குற பூம்பாறைல பூண்டு காட்டுல நின்னுக்கிட்டு எங்க மாமாவும் இதையேதான் கேட்டாரு. நாமளே நேரா முடிவெடுக்குறதும், நமக்காக பிரதிநிதி முடிவெடுக்குறதும் வேற வேற வழிங்க. கிமு 508 வாக்குல கிளைஸ்தனீஸ்ங்கிற தலைவர் சீர்திருத்தம் பண்ண பிறகு கிரேக்க நகரமான ஏதென்ஸ்ல குடிமக்களே ப்னிக்ஸ் குன்றுல கூடி கை தூக்கி முடிவெடுத்தாங்க, சில விஷயத்துக்கு 6000 பேர் வந்தாகணும், 500 பேர் கவுன்சிலுக்கு ஆள் எடுக்குறதும் குலுக்கல்தான் (பொம்பளைங்களுக்கும் அடிமைங்களுக்கும் இடமே கிடையாது, அதை மட்டும் பல பேர் சொல்லாம விட்டுருவாங்க). நம்ம உத்திரமேரூர்ல சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்து குடவோலையும் குலுக்கல்தான், ஆனா நிலம், சொந்த வீடு, படிப்பு எல்லாம் இருந்தாதான் ஓலைல பேரு ஏறும், அதனால அதை இன்னைக்கு எலெக்‌ஷன் மாதிரின்னு சொல்றது கொஞ்சம் ஓவர்.

ஊரு பெருசானா எல்லாரும் ஒரே குன்றுல நிக்க முடியாதுல்ல, அதான் பிரதிநிதி. இங்கிலாந்துல 1265லயே டவுன்ல இருந்து பார்லிமென்டுக்குப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டாங்க, ஆனா ஆணுக்குச் சமமா பொண்ணுக்கு ஓட்டு 1928லதான், நமக்கு 1951-52 முதல் தேர்தல்லயே வந்துருச்சு.

எம்எல்ஏ சட்டம் போடுவாரு, ஊராட்சி வரவு செலவை நாம கேக்குற இடம் கிராம சபை, 1992ல 73வது திருத்தம் அதை அரசியலமைப்புக்குள்ள கொண்டுவந்துச்சு. 2006 வன உரிமைச் சட்டப்படி நம்ம மலைல பளியர் பழங்குடி மக்கள் வன உரிமை கேட்டுப் போடுற மனுவை முதல்ல பாத்து தீர்மானம் போடுறதும் கிராம சபைதான், எம்எல்ஏ இல்ல.