மூன்று வயது விஸ்கியும் மூக்கெரிச்சலும்

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தம்பி அங்கே ஒரு பாரில் சிச்சிபு என்ற ஜப்பானிய ஆலையின் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் மால்ட் பார்லியில் வடித்த விஸ்கி) வாங்கிக் கொடுத்தான். 2011-இல் வந்த 'தி ஃபர்ஸ்ட்', மூன்று வயதுதானாம். மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் என்ன பிரமாதம்?

பதில்: தண்ணீர் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அதில் ஆல்கஹால் 61.8 சதவீதம், நாம் வழக்கமாகப் பார்க்கும் பாட்டில்களில் 40, 43 தான் இருக்கும். எனக்கும் முதல் தடவை இதே கதைதான், பாரில் இருந்தவர் கேட்காமலே பக்கத்தில் ஒரு சின்னக் குவளையில் தண்ணீர் வைத்தார், நான் வீராப்பாக அதைத் தொடாமல் பாதி கிளாஸை ராவாகவே குடித்து வீணாக்கினேன். மீதிப் பாதியில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தபிறகுதான் எரிச்சல் அடங்கி வாசனை வந்தது. முதலில் தானிய வாசனை, சத்துமாவுக்கு வீட்டில் வறுக்கும்போது வருமே, அது. அப்புறம் வெனிலா, பேரிக்காய், நாக்கின் ஓரத்தில் இஞ்சி போல ஒரு காரம். விழுங்கியதும் சுவை சட்டென்று நின்றுபோனது, இளசின் குறை அது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வயதான பல விஸ்கிகளில் பீப்பாயின் ஓக் மர வாசனை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, இதில் பார்லி இன்னும் தெரிகிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். அடுத்த முறை கிளாஸைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: மூன்றே வருடத்தில் இவ்வளவு நிறமா? ஏதாவது சேர்க்கிறார்களா?

பதில்: சிச்சிபுவில் நிறம் சேர்ப்பதில்லை. சைத்தாமா மாவட்டத்தில் மலைகள் சூழ்ந்த ஊர் அது, கோடையில் நல்ல வெக்கை, குளிர்காலத்தில் உறைபனி. வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும், அதனால் ஸ்காட்லாந்தைவிடச் சீக்கிரம் பீப்பாயின் சத்து இறங்குகிறது. ஆவியாகிப் போவதும் அதிகம்தான்.

கேள்வி: சரி, அதற்காக இவ்வளவு விலையா?

பதில்: விலைக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. சிச்சிபுவைத் தொடங்கிய இச்சிரோ அகுதோவின் குடும்பம் 1625 முதல் சாக்கே என்ற அரிசி மது தயாரித்துவந்தது. அவர்களுடைய ஹான்யு ஆலை 2000-இல் விஸ்கி வடிப்பதை நிறுத்தியது, பிறகு தொழிலே கைமாறியது, வாங்கியவர்களுக்கு விஸ்கியில் அக்கறையில்லை. கொட்டப்பட இருந்த சுமார் 400 பீப்பாய்களை இச்சிரோ மீட்டு, ஃபுகுஷிமாவில் ஒரு சாக்கே ஆலையில் இடம் கேட்டு வைத்தார். அவற்றில் ஒரு பகுதியைச் சீட்டுக்கட்டுப் படம் போட்டு 54 விதமாக விற்றார், அந்த முழுத் தொகுப்பு 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் 70 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. 2008-இல் அதே மனிதர் சொந்தமாக வடிக்கத் தொடங்கிய இடம்தான் சிச்சிபு. அங்கே முதலில் வைத்தவை வெறும் 2,000 லிட்டர் கொப்பரைகள், ஸ்காட்லாந்தில் செய்தவை. நொதிக்கவைக்கும் தொட்டிகள்கூட மிசுநாரா என்ற ஜப்பானிய ஓக்கில். சரக்கு குறைவு, பெயரோ பெரிது, அந்தப் பெயருக்கு வட்டி கட்டுவது நாம். பாரில் ஒரு கிளாஸ் போதும், பாட்டிலாக வாங்காதீர்கள்.

கேள்வி: லேபிளில் ஜப்பான் என்று இருந்தால் ஜப்பான் சரக்குதானா?

பதில்: ரொம்ப காலம் அப்படி நம்ப முடியாமல்தான் இருந்தது, வெளிநாட்டு விஸ்கியைக் கலந்து அடைத்தாலும் கேட்க ஆளிருக்கவில்லை. 2021-இல் அங்குள்ள தயாரிப்பாளர் சங்கம் ஒரு வரையறை வைத்தது: ஜப்பானில் வடித்து, அங்கேயே மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு வைத்து, அங்கேயே அடைக்க வேண்டும். இது சட்டமில்லை, சங்கத்தின் கட்டுப்பாடு. 2024 மார்ச் வரை அவகாசமும் இருந்தது, ஆகவே பழைய பாட்டில் வாங்கும்போது பின்பக்க எழுத்தையும் படியுங்கள்.

கேள்வி: (முதல் கேள்வி கேட்டவரேதான்) சோடா ஊற்றலாமா?

பதில்: ஹைபால் என்று ஜப்பானியர் ஆசையாகக் குடிப்பதே சோடா கலந்துதான். இதில் ஊற்றலாமா என்று தம்பியிடம் கேளுங்கள், காசு அவருடையது.