நீங்கள் தேடும் அப்பா மகன் படம் இதுதான்

வணக்கம் நண்பரே. ஒரு படத்தின் பெயரைக் கேட்டிருந்தீர்கள்: பந்தயம் கட்டி பில்லியர்ட்ஸ் ஆடும் அப்பா, எதிரே நிற்கும் இளைஞன் தன் மகன் என்று அறிகிறார். அப்பாவாக நடித்தவர் ஒரு பாடகர். திரையரங்கப் படங்களின் பட்டியலில் எங்கு தேடியும் காணோம் என்கிறீர்கள். அங்கே கிடைக்காது. தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படம் அது: 'தி பேரன் அண்ட் தி கிட்', அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ், 1984. அப்பாவாக நடித்தவர் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ். அவர் மனைவி ஜூன் கார்ட்டரும் அதில் உண்டு. ('பேரன்' என்பது ஆட்டக்காரரின் பட்டப்பெயர், பிரபு என்று பொருள்.)

படத்துக்கு முன் 1981இல் கேஷ் பாடிய 'தி பேரன்' பாடலைக் கேளுங்கள். கதை அங்கேதான் பிறந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் இளைஞன் தாயின் கல்யாண மோதிரத்தைப் பந்தயமாக வைக்கிறான். பெரியவருக்கு அந்த மோதிரம் தெரியும். அந்த வரி வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.