ஆந்தைக்குக் கண்ணா, காதா? கேள்வி பதில்

கேள்வி: ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்கிறார்களே?

பதில்: நன்றாகவே தெரியும். சில இனங்கள் பகலிலேயே வேட்டையாடுகின்றன. மிக அருகில் இருப்பதுதான் அதற்கு மங்கலாகத் தெரியும். பிடித்த இரையை, அலகைச் சுற்றியுள்ள மயிர் போன்ற இறகுகளால் தொட்டுத்தான் அறிந்துகொள்கிறது.

கேள்வி: தலையை முழு வட்டம் சுற்றுமாமே?

பதில்: அவ்வளவு இல்லை, ஒரு பக்கமாக 270 பாகை வரை. அதன் கண் குழாய் வடிவம்; எலும்பு வளையத்துக்குள் பதிந்திருப்பதால் உருட்ட முடியாது. அதனால் கழுத்தைத்தான் திருப்பியாக வேண்டும். நம் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், அதற்கு 14.

கேள்வி: கும்மிருட்டில் எலியைப் பிடிப்பது கண்ணாலா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது! கூகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காதுத் துளைகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று மேலே இருக்கும். எந்தக் காதில் சத்தம் முதலில் விழுகிறது என்பதைக் கொண்டு இடமா வலமா என்றும், எதில் உரக்கக் கேட்கிறது என்பதைக் கொண்டு மேலா கீழா என்றும் கண்டுகொள்கிறது. தட்டு போன்ற முகம் சத்தத்தைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகிறது. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருட்டறையில் சருகுகள்மேல் ஒரு காகித உருண்டையை இழுத்துப் பார்த்தார். கூகை அதன்மேலும் பாய்ந்தது. காகிதத்துக்கு எலியின் வாசனையும் இல்லை, உடல் சூடும் இல்லை. சருகின் சலசலப்பு ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் தலையில் கொம்பு போல நிற்பதுதான் காதா?

பதில்: அது வெறும் இறகுக் கொத்து.

கேள்வி: பறக்கும்போது சத்தமே வருவதில்லையே, எப்படி?

பதில்: இறகின் முன்விளிம்பு சீப்புப் பல் போலவும், பின்விளிம்பு குஞ்சம் போலவும் இருக்கும், மேற்புறம் வெல்வெட் மாதிரி. காற்று கிழிபடாமல் வழுக்கிப் போகும். இரைக்குக் கேட்காது என்பது பாதி லாபம்தான். தன் சிறகொலி தன் காதையே மறைக்காது என்பது மீதி. மீன்பிடிக்கும் ஆந்தைகளிடம் இந்த ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகொலி கேட்கப்போவதில்லையே!

கேள்வி: ஆந்தை தங்கும் மரத்தடியில் கிடக்கும் சாம்பல் நிற உருண்டைகள் எச்சமா?

பதில்: இல்லை, வாய்வழியாகக் கக்கியவை. செரிக்காத எலும்பும் மயிரும் இரைப்பையில் திரண்டு உருண்டையாகிவிடும். கையுறை போட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். மண்டையோடும் பற்களும் கிடைத்தால், அது எந்த எலி என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.