18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேயருக்கு உண்மையான அதிகாரம் இருந்ததா?

அதிகாரமும் இருந்தது, ஆடம்பரமும் இருந்தது என்பதே என் பதில். எனக்கு விருப்பமான யார்க் நகரத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

1396ஆம் ஆண்டின் அரச பட்டயம் யார்க்கைத் தனி மாவட்டமாகவே ஆக்கியிருந்தது. ஆகவே அங்கு ‘லார்டு மேயர்’ என அழைக்கப்பட்டவர், நகர நிர்வாகத்தின் தலைவராக இருந்ததோடு நீதிபதியாகவும் அமர்ந்து வழக்குகளை விசாரித்தார். ஆல்டர்மேன் எனப்படும் 12 மூத்த உறுப்பினர்களிலிருந்து ஆண்டுதோறும் ஒருவர் அப்பதவிக்கு வந்தார். (1687ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி சென்னையில் அமைந்த மாநகராட்சியிலும் ஒரு மேயரும் 12 ஆல்டர்மேன்களும் இருந்தனர், ஆகவே இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று.) ஆல்டர்மேன்கள் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பதவியில் நீடித்தார்கள். சாதாரண நகரவாசிக்கு அந்த வட்டத்துக்குள் இடமே இல்லாதிருந்தது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மரபுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது மேன்ஷன் ஹவுஸ். வணிகத்தில் பழைய செழிப்பை இழந்திருந்த யார்க், சுற்றுவட்டாரப் பெருநிலக்கிழார்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் கேளிக்கை நகரமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுக்கு விருந்தளிக்கும் தகுதி தன் மேயருக்கு வேண்டும் என்று எண்ணிய மாநகராட்சி, 1725இல் இந்த மாளிகையின் கட்டுமானத்தைத் தொடங்கி, 1732 வாக்கில் முடித்தது. லண்டன் மேயருக்கான மாளிகையின் வேலை 1739இல்தான் தொடங்கியது என்பதை யார்க்வாசிகள் பெருமையோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. பதவிக்காலம் முழுவதும் மேயர் குடும்பத்தோடு அங்கேயே தங்கி விருந்துகள் நடத்தினார். அவர் ஊர்வலமாகச் செல்லும்போது வாளும் செங்கோலும் முன்னே ஏந்திச் செல்லப்பட்டன. அந்த வாள்களில் ஒன்று, புனித ரோமப் பேரரசர் சிகிஸ்மண்டுக்கு உரியதாயிருந்து 15ஆம் நூற்றாண்டில் நகரத்துக்கு வந்தது. மேயரின் மனைவியைப் பற்றி ஒரு பழமொழியும் அங்கு வழங்கியது: கணவர் ஓராண்டும் ஒரு நாளும் பிரபு, மனைவியோ என்றென்றும் சீமாட்டி.

உழைப்பால் உயர்ந்தவர்களுக்கு அப்பதவி முற்றிலும் மூடப்பட்டிருக்கவில்லை என்பதற்கு ஜான் கார் சான்று. கல்தச்சர் குடும்பத்தில் பிறந்து, பந்தயத் திடலின் பார்வையாளர் மாடத்தையும் கோட்டை வளாகத்து நீதிமன்றத்தையும் வடிவமைத்த அந்தக் கட்டடக் கலைஞர், 1770இலும் 1785இலும் லார்டு மேயரானார். ஆயினும், ஆல்டர்மேன்களின் ஆயுட்காலப் பதவி முறைக்கு முடிவுகட்ட 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் வர வேண்டியிருந்தது.