கேம் கன்சோல் வாங்க ஸ்பெக் பார்க்க வேண்டுமா? கேள்வி பதில்

வண்ணார்பேட்டையில் கன்சோல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஐந்து டிவி போட்டு, மணிக்குப் பத்து ரூபாய் என்று கேம் கடை நடத்தினேன். இந்தப் பெட்டிகளோடு இருபது வருஷத்துக்கு மேல் பழக்கம். ஸ்பெக், அதாவது பெட்டியின் வேகம், மெமரி போன்ற எண்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. பிஎஸ் என்று வருவதெல்லாம் சோனியின் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்டின் பெட்டி. தெரிந்ததற்கு விரிவாகச் சொல்கிறேன், மற்றதற்கு ஒரு வரி. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியைச் சுவர் அலமாரிக்குள் சொருகாதீர்கள். பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிஎஸ்5 10.28 தான். ஆனால் ஒரே கேமை இரண்டிலும் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. அந்த எண் பொய்யா?

பொய் இல்லை தம்பி. ஒரு வினாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு போட முடியும் என்பதுதான் டெராஃப்ளாப். சிப்பின் உச்சத் திறன் அது. அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ் மில் பார்த்திருப்பீர்கள். மணிக்கு இருபது மூட்டை அரைக்கிற மில்லுக்குக் களத்திலிருந்து பத்து மூட்டைதான் வந்து சேருகிறது என்றால், மீதி நேரம் மில் சும்மா ஓடும். கேம் பெட்டியிலும் அதே கதைதான். சிப்புக்கு வேண்டிய படம், ஒலி, வரைபடம் எல்லாம் டிஸ்கிலிருந்து மெமரிக்கு வந்து, அங்கிருந்து சிப்புக்குப் போக வேண்டும். அந்தப் பாதை எங்கே குறுகலோ, அங்கேதான் கேம் முட்டும்.

பிஎஸ்4-ல் சுழலும் ஹார்டு டிஸ்க். வினாடிக்கு நூறு எம்பி தேறினாலே பெரிது. பிஎஸ்5-ன் எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சிப் சேமிப்பு, வினாடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது, சீரீஸ் எக்ஸ் 2.4 ஜிபி. 2019ல் சோனி ஸ்பைடர்மேன் கேமை வைத்து இதைக் காட்டியது. பிஎஸ்4 ப்ரோவில் எட்டு வினாடி பிடித்த லோடிங், புதுப் பெட்டியில் ஒரு வினாடிக்குள் முடிந்தது. என் கேம் கடையில் ஒரு பையன் தினமும் சண்டைக்கு வருவான்: "லோடிங் ஓடுன நேரத்தைக் கழிச்சிருங்க அண்ணே." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மணிக்கு ஐந்து நிமிஷம் கூடக் கொடுக்க ஆரம்பித்தேன். பத்து டெராஃப்ளாப்புக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. லோடிங் குறைந்ததை அந்தப் பையன் கூடச் சொல்லிவிடுவான்.

வள்ளியூர்: ஜிடிஏ 6 விளையாட என்ன பெட்டி வாங்கலாம்?

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இந்த இரண்டுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். பிஎஸ்4-ல் வராது. கேம் கைக்கு வந்த பிறகு பெட்டி வாங்குங்கள், அவசரமே இல்லை. இதில் ஒரு விஷயம் பாருங்கள். ஜிடிஏ 5 வெளிவந்தது 2013ல், பிஎஸ்3-லும் எக்ஸ்பாக்ஸ் 360-லும். அந்தப் பெட்டிகளில் மொத்த மெமரியே 512 எம்பி. இன்றைய சாதாரணப் போனில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. அதற்குள் ஒரு முழு நகரத்தை, கடலோடும் மலையோடும் அடக்கினார்கள். ஏழெட்டு வருஷம் ஒரே பெட்டியில் வேலை செய்து, அதன் மூலைமுடுக்கெல்லாம் கற்றுக்கொண்டதால் வந்த பலன் அது. நீங்கள் பார்க்கிற எந்த ஸ்பெக் பட்டியலிலும் இது இருக்காது.

கல்லிடைக்குறிச்சி, ஒரு தாய்: மகன் பத்தாம் வகுப்பு. வீட்டில் பிஎஸ்4 இருக்கிறது. அதில் பவர் போதாது, புதுசு வேண்டும் என்று சோறு சாப்பிடாமல் இருக்கிறான்.

எந்த கேம் ஓடவில்லை என்று அவனிடமே கேளுங்கள் அம்மா. கேமின் பெயரைச் சொல்லட்டும். காட் ஆஃப் வார் ரக்னராக் 2022ல் பிஎஸ்4-க்கும் வந்தது. கால்பந்து கேம் எஃப்சி 25-ம் வந்தது. பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால், கூட்டாளி வீட்டில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பரீட்சை முடியட்டும். அதுவரை அந்த பிஎஸ்4-ஐ ஒருமுறை சுத்தம் பண்ணிக் கொடுத்தாலே பாதி குறை தீர்ந்துவிடும். டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

சுரண்டை: ஸ்பெக் முக்கியமில்லை என்கிறீர்கள். அதற்கு ஆதாரம் உண்டா?

முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எண்ணை எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு என்கிறேன். ஆதாரம் தருகிறேன். பிஎஸ்2 வந்தது 2000ல். சிப் வேகம் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ், மெமரி 32 எம்பி. அடுத்த வருஷம் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி. எண்ணில் எக்ஸ்பாக்ஸ் எங்கேயோ போய்விட்டது. விற்றது என்ன? பிஎஸ்2 பதினைந்தரைக் கோடிக்கு மேல், எக்ஸ்பாக்ஸ் இரண்டரைக் கோடியைத் தொடவில்லை.

அதற்கும் முன்னால் 1989ல் நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டி கேம் பாய். பச்சைத் திரையில் நான்கே சாயல், பின்விளக்கு கிடையாது. அடுத்த வருஷம் சேகா கொண்டுவந்த கேம் கியரில் கலர் திரை, பின்விளக்கு எல்லாம் உண்டு. அதற்கு ஆறு பேட்டரி போட்டால் நான்கைந்து மணி நேரத்தில் தீரும். கேம் பாயில் நான்கு பேட்டரி போட்டால் பதினைந்து மணி நேரம் வரும். ஜெயித்தது கேம் பாய். அதை உருவாக்கிய கும்பெய் யோகோய் புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடியவர் இல்லை. பழகி, விலை இறங்கிய பொருளைப் புது வழியில் பயன்படுத்து என்பதே அவர் வழி. நான் கும்பிடுகிற மனிதர்.

மேலப்பாளையம்: துபாயிலிருந்து மாமா பிஎஸ்5 ப்ரோ கொண்டு வருகிறார். இங்கே ஓடுமா?

ஓடும். 100 முதல் 240 வோல்ட் வரை எடுக்கும். ஆனால் அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். 2024ல் வெளிவந்தபோது 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. ரிப்பேர் என்றால் வாரண்டி எங்கே கிடைக்கும் என்று பில் போடும் முன்னாலேயே மாமாவைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுரண்டை: அண்ணாச்சி, விட மாட்டேன். பிஎஸ்2 ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் அதில் டிவிடி ஓடியது. டிவிடி டிரைவ் ஸ்பெக் இல்லையா? கேம் பாய் பேட்டரி பதினைந்து மணி நேரம் என்றீர்களே, அது ஸ்பெக் இல்லையா? நீங்கள் கொடுத்த ஆதாரம் எல்லாம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

நேற்று ராத்திரி இதை வாசித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நீங்கள் சொல்வது சரி. டிவிடி டிரைவ் ஹார்டுவேர்தான், பேட்டரி நேரமும் ஸ்பெக்தான். எங்கள் தெருவில் முதல் பிஎஸ்2 வந்ததே அந்த வீட்டு அப்பாவுக்கு அதில் படம் பார்க்கலாம் என்பதற்காகத்தான். பகலில் பையன்கள் கேம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படம். விளையாட்டுச் சாமானுக்கு அவ்வளவு பணமா என்று முணுமுணுத்த ஆச்சியும் படம் ஓடும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

அம்பை: நானும் வருகிறேன். நின்டெண்டோவின் வீ கன்சோலில் எச்டி கூடக் கிடையாது, 480 வரிதான். அது பத்துக் கோடி விற்றது, பிஎஸ்3 அதற்குக் கீழேதான். இதற்கு என்ன சொல்கிறார் சுரண்டைக்காரர்?

சுரண்டை: கையை வீசினால் டென்னிஸ் மட்டை வீசுகிற ரிமோட். அதுவும் ஹார்டுவேர்தான்!

இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறீர்கள். நானும் ஒன்று சேர்க்கிறேன், இது சுரண்டைக்காரருக்குச் சாதகமானது. 1996ல் வந்த நின்டெண்டோ 64-ன் பெயரிலேயே 64 பிட் இருந்தது. எதிரில் நின்ற முதல் பிளேஸ்டேஷன் 32 பிட். ஆனால் நின்டெண்டோ கேசட்டிலேயே நின்றது. கேசட்டில் அதிகபட்சம் 64 எம்பி, சிடியில் 650 எம்பி. ஃபைனல் ஃபேண்டஸி 7 கேமை எடுத்தவர்கள் அதுவரை நின்டெண்டோவோடு இருந்தவர்கள். அந்தக் கதைக்கு மூன்று சிடி தேவைப்பட்டது. பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள், கேம் 1997ல் அதில் வந்தது. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியோடு நின்றது. ஆக ஸ்பெக்தான் முடிவு செய்தது. பெட்டியின் முகப்பில் பெரிதாக எழுதிய ஸ்பெக் அல்ல, எங்கே முட்டியதோ அந்த ஸ்பெக். இனிமேல் நான் 'ஸ்பெக் முக்கியமில்லை' என்று பேசினால், சுரண்டையிலிருந்து வந்து என்னைத் திருத்துங்கள்.

தென்காசி: ஜிடிஏ 6-க்கு எந்தக் கன்சோல் நல்லது?

வள்ளியூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

வீரவநல்லூர்: 30 எஃப்பிஎஸ், 60 எஃப்பிஎஸ் என்கிறார்களே, கண்ணுக்குத் தெரியுமா, வெறும் பேச்சா?

தெரியும். கண்ணைவிடக் கைக்கு அதிகம் தெரியும். எஃப்பிஎஸ் என்பது ஒரு வினாடிக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு. 60 என்றால் ஒரு படம் திரையில் 16.7 மில்லி வினாடி நிற்கும், 30 என்றால் 33.3. நீங்கள் பட்டனை அமுக்கியது அடுத்த படத்தில்தான் தெரிய வரும். கிரிக்கெட் கேமில் மட்டையைச் சுழற்றும்போது இந்தக் கொஞ்ச நேரம் விரலில் படும். 30 கூடப் பழகிவிடும், சீராக இருந்தால். 60-ல் போய்க்கொண்டிருந்து சண்டைக் காட்சியில் 42-க்கு இறங்கி மறுபடி ஏறினால்தான் எரிச்சல். அதற்கு நிலையான 30 எவ்வளவோ மேல்.

சில கேம்களில் 40 என்று ஒரு தேர்வு இருக்கும். அதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது வினாடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கிற டிவி வேண்டும். 120-ஐ மூன்றால் வகுத்தால் 40 வரும், 60-ஐ 40-ஆல் சமமாக வகுக்க முடியாது. ஒரு படம் 25 மில்லி வினாடி நிற்கும், 30-க்கும் 60-க்கும் சரிநடுவில்.

இதற்காகப் பெட்டியை மாற்றும் முன்னால் டிவி ரிமோட்டை எடுத்து 'கேம் மோட்' போடுங்கள். அது போடாத டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று வைத்துக்கொண்டு பிறகுதான் காட்டும். சில டிவிகளில் இந்தத் தாமதம் நூறு மில்லி வினாடியைத் தாண்டும். 30-ஐ 60 ஆக்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது பதினேழுதான். "பெட்டி ஸ்லோ" என்று என் கடைக்கு வந்த எத்தனையோ பேரை இந்த ஒரு பட்டனோடு, காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

ஆலங்குளம்: எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் விலை குறைவு. வாங்கலாமா?

சின்ன டிவி, அதிகம் எதிர்பார்க்கவில்லை என்றால் வாங்கலாம். ஆனால் அதில் மெமரி 10 ஜிபிதான், அண்ணன் பெட்டியான சீரீஸ் எக்ஸில் 16. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்குத் தாமதமாக, 2023 டிசம்பரில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் விளையாடும் வசதியைச் சீரீஸ் எஸ்ஸில் கொண்டுவர முடியாமல், அப்போது அது இல்லாமலே விட்டார்கள். 2025ல்தான் அதைச் சேர்த்தார்கள். டெராஃப்ளாப் குறைந்தால் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிச் சமாளிக்கலாம். மெமரி குறைந்தால் ஏதாவது ஒன்றை வெட்டித்தான் ஆக வேண்டும்.

முக்கூடல்: இந்த போனில் கேம் லேக் அடிக்கிறது...

போன் என் வேலை இல்லை. போன் கடையில் கேளுங்கள்.

களக்காடு: சின்ன வயசில் 9999 கேம் கேசட் வாங்கினோம். அதுவும் ஸ்பெக் மோசடிதானே?

இதைக் கேட்டதும் எங்கள் வீட்டுத் திண்ணை கண்முன் வந்துவிட்டது. நானும் தம்பியும் ஒரு லீவில் நோட்டுப் போட்டு எண்ணினோம். இருபதைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் அதே மாரியோ, அதே டாங்கி, வேறு லெவலிலிருந்து ஆரம்பிக்கும். எண்ணை நம்பாதே என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தக் கேசட்தான்.

ஆனால் அதற்குள் இருந்த மாரியோவைப் பாருங்கள். 1985-ல் வந்த முழு கேமும் 40 கேபி. வாட்ஸப்பில் வரும் காலை வணக்கம் படம் ஒன்று அதைவிடப் பெரிது. அந்தப் பெட்டிக்கு வேலை செய்ய இருந்த மெமரி 2 கேபி. கேசட்டிலும் படங்களுக்கு இடம் குறைவு என்பதால்தான் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். அடுத்த முறை நிறுத்தி உற்றுப் பாருங்கள், வளைவுக்கு வளைவு பொருந்தும். இருக்கிற இடத்தை இப்படிக் கணக்குப் பார்த்துச் செலவழித்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் தீராத மரியாதை.

நாங்குநேரி: ஜிடிஏ 6...

மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

பணகுடி: பெட்டி வாங்கி இரண்டு வருஷம். இப்போது ஃபேன் மில் மாதிரி கத்துகிறது, அரை மணி நேரத்தில் தானாக அணைகிறது. சிப் பழசாகிவிட்டதா?

சிப் பழசாகவில்லை, மூச்சு முட்டுகிறது. உங்கள் பக்கம் ஆடிக்காற்றில் செம்மண் எப்படி வரும் என்று தெரியும். போன ஆவணியில் உங்கள் திசையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மூடியைக் கழற்றினால், சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. தூசி கம்பளி மாதிரி படிந்து, பிரஷ்ஷால் தட்டியபோது ஒரே பாளமாக விழுந்தது. அடியில், சிப்பின் சூட்டைத் தகடுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகிக் கிடந்தது. சுத்தம் பண்ணி, புதுப் பேஸ்ட் போட்டு ஓடவிட்டேன். பெட்டி ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

உங்களுடையது பிஎஸ்5 என்றால் வீட்டில் சிப் வரைக்கும் திறக்காதீர்கள். அதில் இருப்பது சாதாரணப் பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். மின்சாரம் கடத்தும். ஒரு சொட்டு போர்டில் சிந்தினாலும் பெட்டி போச்சு. வெளிமூடியைக் கழற்றித் தூசி உறிஞ்சும் துளைகளை வாக்யூம் கிளீனரால் சுத்தம் செய்யலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், பெட்டி எங்கே இருக்கிறது என்று எழுதவில்லையே? அலமாரிக்குள் என்றால் முதலில் வெளியே எடுத்து, ஒரு சாண் இடம் விட்டு வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால் கொண்டு வாருங்கள். கடை காலை பத்து மணிக்குத் திறக்கும். வரும்போது பவர் வயரையும் சேர்த்து எடுத்துவாருங்கள்.